கார்ன்வாலில் முதன்முறை ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கடலுக்குள் நீட்டிய கால் போலக் கிடக்கிறது கார்ன்வால் கவுண்டி. கிழக்கே டேமர் ஆறு, மற்ற பக்கமெல்லாம் கடல். ஆற்றிலிருந்து மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்ட் வரை ஏறக்குறைய 80 மைல். எந்த ஊரில் நின்றாலும் 20 மைலுக்குள் கடல் வந்துவிடும். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, சின்ன இடம்தானே, ஒரு நாளைக்கு நாலு ஊர் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள்தான் அதிகம். பயணம் கெடுவது அந்தக் கணக்கில்தான்.

இந்த நிலத்துக்கு ஒரு முதுகெலும்பு உண்டு. நடுவில் உயர்ந்து இரு கரைக்கும் சரியும் மேட்டை ஒட்டியே முதன்மை ரயில்பாதையும் ஏ30 நெடுஞ்சாலையும் கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகின்றன. நீங்கள் பார்க்க விரும்பும் கடலோர ஊர்களோ, அந்த முதுகெலும்பிலிருந்து விலா எலும்புகள் போல இறங்கும் கிளைப்பாதைகளின் நுனியில் இருக்கின்றன. ஒரு விலாவின் நுனியிலிருந்து அடுத்ததன் நுனிக்குக் கரையோரமாக நேர்வழி அநேகமாகக் கிடையாது. பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் கடல் புகுந்து உண்டான ஆழமான கழிமுகங்கள் குறுக்கே கிடக்கின்றன.

லூவும் ஃபாயும் தென்கரையில் அக்கம்பக்கத்து ஊர்கள். நேர்கோட்டில் 8 மைல்தான். ரயிலை நம்பிப் போகிறவர் லூவிலிருந்து லிஸ்கர்டுக்கு அரை மணி நேரம் ஏறி, அங்கே முதன்மைப் பாதையின் ரயிலுக்கு மாறி, பார் நிலையத்தில் இறங்கி, ஃபாய்க்குப் பேருந்து பிடிக்க வேண்டும். காத்திருப்பையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம் ஆகிவிடும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு விலா என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கவுண்டியில் நிம்மதியாகச் சுற்ற இதைவிட நல்ல விதி இல்லை.

எங்கே தங்குவது

கார் இல்லாதவர்கள் முதுகெலும்பின் மேலேயே தங்குவது நல்லது. மேற்குப் பகுதிக்குப் பென்சான்ஸ். முதன்மை ரயில்பாதை முடியும் ஊர் அது. பேருந்து நிலையம் ரயில் நிலையத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. மரசையன், செயின்ட் ஐவ்ஸ், மவுஸல், போர்த்கர்னோ, லேண்ட்ஸ் எண்ட் எல்லாவற்றுக்கும் அங்கிருந்து போய் வரலாம். நடுப்பகுதிக்கு ட்ரூரோ, பேராலயம் உள்ள ஊர், ஃபால்மத் கிளைப்பாதை பிரியும் இடம். ஒரு வாரம் இருக்கிறவர்கள் நான்கு இரவு பென்சான்ஸிலும் மூன்று இரவு ட்ரூரோவிலோ ஃபால்மத்திலோ தங்கினால் பெட்டியை ஒருமுறை மட்டும் தூக்கினால் போதும்.

செயின்ட் ஐவ்ஸிலேயே தங்க ஆசைப்படுவார்கள். அழகான ஊர்தான். ஆனால் தெருக்கள் செங்குத்து, கல் பாவியவை. சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறுவது சிரமம். ரயிலில் போய் வருவது அவ்வளவு எளிது என்பதால், அங்கேயே தங்கவேண்டிய கட்டாயமும் இல்லை.

வடகரை வேறு கதை. பேட்ஸ்டோ, டின்டாஜல், பியூட் ஆகியவற்றுக்கு ரயில் கிடையாது. இந்தப் பக்கத்தில் நியூகீக்கு மட்டும் பார் நிலையத்திலிருந்து கிளைப்பாதை உண்டு. பேட்ஸ்டோ போகிறவர்கள் பாட்மின் பார்க்வே நிலையத்தில் இறங்கி வேட்பிரிட்ஜ் வழியாகப் பேருந்தில் போகலாம். அந்த நிலையம் பாட்மின் ஊருக்குள் இல்லை, மூன்று மைலுக்கு மேல் தள்ளியிருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஊருக்குள் இறங்கப்போகிறோம் என்று நினைத்து அறை எடுத்தவர்கள், நிலையத்து வாசலில் பேருந்துக்கோ டாக்சிக்கோ காத்திருக்க நேரும். டின்டாஜல் கோட்டைக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். நுழைவு நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ஊரிலிருந்து கோட்டைக்கு இறங்கும் பாதை செங்குத்தானது.

வந்து சேர்வது

லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து பென்சான்ஸுக்கு நேரடி ரயில் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். ட்ரூரோவுக்கு நான்கரை மணி அளவில். மலிவான முன்பதிவு டிக்கெட்டுகள் ஏறக்குறைய 12 வாரங்களுக்கு முன் விற்பனைக்கு வரும். அந்த டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும் என்பதால், விமானம் இறங்கும் நாளிலேயே இறுக்கமாகப் பதிவு செய்ய வேண்டாம். குடியேற்ற வரிசையில் ஒரு மணி நேரம் போனால் டிக்கெட்டும் போய்விடும். இருவர் சேர்ந்து போனாலோ, பிள்ளைகளோடு போனாலோ ரயில்கார்டு வாங்குவது லாபம். விலை 35 பவுண்டு, கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஒரே நீண்ட பயணத்தில் அந்தப் பணம் பெரும்பாலும் திரும்பிவிடும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களும் வாங்கலாம். 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டாம். 15 வயது வரை பாதிக் கட்டணம்.

ஏறும்போது இரண்டைக் கவனியுங்கள். சில ரயில்களில் இரண்டு வண்டித்தொடர்களைச் சேர்த்து ஓட்டுவார்கள். கார்ன்வாலுக்குச் சற்று முன் வரும் பிளிமத் நகரத்துக்கு அப்பால் ஒரு தொடர் மட்டும் போகும். தவறான பாதியில் உட்கார்ந்தால் பிளிமத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். நடைமேடைத் திரையையும் அறிவிப்பையும் பாருங்கள். மற்றது இருக்கை. மேற்கே போகும்போது இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கவுண்டியான டெவனில் டாலிஷ் என்ற இடத்தில் பாதை கடல் சுவரின் மேலேயே ஓடுகிறது. 2014 பிப்ரவரிப் புயலில் அந்தச் சுவர் உடைந்து, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கி, ஏப்ரல் வரை லண்டனிலிருந்து கார்ன்வாலுக்கு நேரடி ரயிலே இல்லாமல் போனது. புயல் எச்சரிக்கை உள்ள நாளில் கிளம்பும் முன் ரயில் நிலவரம் பார்ப்பது அதனால்தான். டேமர் ஆற்றைக் கடப்பது பொறியாளர் புரூனல் கட்டிய ராயல் ஆல்பர்ட் பாலத்தில், 1859இல் திறந்தது. வண்டி அதன்மேல் மெதுவாகவே போகும், நிதானமாகப் பார்க்கலாம்.

இரவு ரயிலும் உண்டு. நைட் ரிவியேரா என்று பெயர். லண்டனிலிருந்து நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி, காலை எட்டு மணிவாக்கில் பென்சான்ஸில் விடும். படுக்கை அறையும் உண்டு, சாய்விருக்கையும் உண்டு. சனிக்கிழமை இரவு ஓடாது.

கிளை ரயில்கள்

செயின்ட் எர்த் நிலையத்திலிருந்து செயின்ட் ஐவ்ஸுக்குப் போகும் கிளைப்பாதை நான்கு மைல் சொச்சம், 12 நிமிடம் அளவில். போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள். முதலில் ஹேல் கழிமுகம், பிறகு மணற்பரப்பு, பிறகு முழுக் கடலும் அந்தப் பக்கம்தான். காரில் வருகிறவர்களுக்கும் இதுவே சரியான வழி. ஊருக்குள் கார் நிறுத்த இடம் தேடி ஒரு மணி நேரத்தைத் தொலைப்பதைவிட, செயின்ட் எர்த் நிலையத்துப் பெரிய நிறுத்துமிடத்தில் காரை விட்டுவிட்டு ரயில் ஏறலாம். பழைய வழிகாட்டிகளில் லெலன்ட் சால்டிங்ஸ் நிலையத்தில் நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். 2019இல் அந்த ஏற்பாடு செயின்ட் எர்த்துக்கு மாறிவிட்டது. சால்டிங்ஸில் இப்போது மிகச் சில ரயில்களே நிற்கின்றன.

ட்ரூரோ–ஃபால்மத் பாதை 25 நிமிடம் அளவில். ஃபால்மத்தில் இரண்டு நிறுத்தங்கள் முக்கியம்: கடைத்தெருவுக்கும் படகுத்துறைக்கும் டவுன் நிலையம், கோட்டைக்கும் கடல்சார் அருங்காட்சியகத்துக்கும் டவுன், டாக்ஸ் இரண்டிலிருந்தும் நடக்கலாம்.

லிஸ்கர்டில் லூ ரயில் நிற்கும் நடைமேடை முதன்மை நிலையத்துக்குச் செங்கோணத்தில், தனியாக, வெளியே வந்து சாலையைத் தாண்டினால் இருக்கிறது. மாறுவதற்கு ஐந்து நிமிடமாவது வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ரயில் ஓரிடத்தில் நின்று, ஓட்டுநர் மறுமுனைக்குப் போய், வந்த திசைக்கே ஓட்டுவதுபோல் தோன்றும். கூம் சந்திப்பில் பாதை அப்படித்தான் அமைந்திருக்கிறது, பயப்பட வேண்டாம். இந்தப் பாதையின் சிறு நிலையங்களில் கேட்டால்தான் வண்டி நிற்கும். உள்ளே இருந்தால் கார்டிடம் முன்பே சொல்லுங்கள். நடைமேடையில் நின்றால் ஓட்டுநருக்குத் தெரியும்படி கையை நீட்டுங்கள்.

லண்டனில் வங்கி அட்டையைத் தட்டிவிட்டு ரயில் ஏறிப் பழகியவர்கள் இங்கே அப்படிச் செய்ய முடியாது. டிக்கெட்டை இயந்திரத்திலோ கைப்பேசியிலோ வாங்கிய பிறகே ஏறுங்கள்.

பேருந்து

ஒருவழிப் பேருந்துக் கட்டணத்துக்கு இங்கிலாந்து முழுவதும் 3 பவுண்டு உச்சவரம்பு 2025 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. 2027 மார்ச் வரை நீட்டித்திருக்கிறார்கள். பாட்மின் பார்க்வேயிலிருந்து பேட்ஸ்டோ போன்ற நீண்ட வழிக்கு இது மிகப் பெரிய உதவி. ஒரே நாளில் மூன்று நான்கு முறை ஏறி இறங்குவதானால் ஓட்டுநரிடம் ஒருநாள் டிக்கெட் கேளுங்கள். வங்கி அட்டை போதும்.

நிறுத்தத்தில் நின்றால் பேருந்து தானாக நிற்கும் என்று எண்ணாதீர்கள். வண்டி கண்ணில் பட்டதும் கையை நீட்ட வேண்டும், குறிப்பாகக் கிராமச் சாலைகளில். பல இடங்களில் சாலையின் ஒரு பக்கம் மட்டுமே நிறுத்தப் பலகை இருக்கும். எதிர்த்திசைப் பேருந்தும் அங்கேயே எதிர்ப்புறம் நிற்கும். உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

திட்டம் போடும் வரிசை இப்படி இருக்கட்டும்:

1. முதலில் கடைசிப் பேருந்தைப் பாருங்கள். சிறு ஊர்களிலிருந்து திரும்பும் கடைசி வண்டி மாலை ஐந்து, ஆறு மணிக்கே போய்விடலாம்.
2. அதற்கு முந்தைய வண்டியில் திரும்புவதாகத் திட்டம் போடுங்கள். கடைசி வண்டி அவசரத்துக்கு.
3. அட்டவணை கோடைக்கானதா, குளிர்காலத்துக்கானதா என்று தேதியைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை, பொது விடுமுறை வரிசைகள் தனி.
4. பிறகுதான் போகும் நேரத்தைத் தீர்மானியுங்கள்.

இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் இருட்டில் டாக்சி தேடுகிறார்கள். கிராமப்புறத்தில் கைதட்டிக் கூப்பிட டாக்சி கிடையாது. முன்பே தொலைபேசியில் சொல்லிவைத்தால்தான் வரும். டிசம்பரில் மாலை நாலரைக்குள் சூரியன் மறைந்துவிடும்.

பென்சான்ஸிலிருந்து மேற்கே போகும் வழியில் போர்த்கர்னோவை விட்டுவிடாதீர்கள். பாறைச் சரிவில் செதுக்கிய மினாக் திறந்தவெளி அரங்கைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். கீழே உள்ள கடற்கரையும் நமக்கு முக்கியமான இடம். 1870இல் பம்பாய் வரை நீண்ட கடலடித் தந்தித் தொடர் இங்கிலாந்தில் கரையேறியது அந்த மணலில்தான். ஊர் அருங்காட்சியகம் முழுவதும் அந்தக் கதைதான்.

கடல் ஏறுவதும் வற்றுவதும்

கார்ன்வாலில் ரயில் அட்டவணைக்கு நிகரான இன்னொரு அட்டவணை, ஓத அட்டவணை. நம் கரைகளில் ஏற்றவற்றம் ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது. வேதாரண்யத்திலோ யாழ்ப்பாணத்திலோ பழகிய கண்ணுக்கு இங்கே நடப்பது நம்ப முடியாததாக இருக்கும். பெரிய ஓத நாட்களில் கடல் ஐந்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். காலையில் அரை மைல் மணலாக இருந்த இடம் பிற்பகலில் பாறையை முட்டும் தண்ணீராக இருக்கும்.

கணக்கு எளிது. ஓர் உச்சத்திலிருந்து அடுத்த உச்சத்துக்கு 12 மணி 25 நிமிடம் அளவில். ஆகவே ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் ஏற்றமும் வற்றமும் மிக அதிகம். அட்டமியை ஒட்டிக் குறைவு. இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தாழ் ஓதம் நண்பகலை ஒட்டி வரும். அதாவது கடல் நடுவே நடந்து போகும் இடங்களைப் பார்க்க விரும்பினால், நாட்காட்டியில் பௌர்ணமியைப் பார்த்துப் பயணத் தேதி வைப்பது நல்ல யோசனை.

அச்சிட்ட ஓதப் புத்தகம் உள்ளூர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். வாங்கியதும் முதல் பக்கத்தைப் படியுங்கள். சில புத்தகங்களில் நேரம் கிரீன்விச் கணக்கில் இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அதனோடு ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். ஊரும் முக்கியம்: பென்சான்ஸ், மரசையன் பக்கத்துக்கு நியூலின் கணக்கு, வடகரைக்கு நியூகீ அல்லது பேட்ஸ்டோ கணக்கு.

இதெல்லாம் முதலில் தேவைப்படும் இடம் செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட். மரசையன் கரையிலிருந்து தீவுக் கோட்டைக்குக் கல் பாவிய நடைபாதை ஒன்று, அரைக் கிலோமீட்டர் அளவில். தாழ் ஓதத்தை நடுவாக வைத்து ஏறக்குறைய நான்கு மணி நேரம் அது திறந்திருக்கும். மற்ற நேரம் தண்ணீருக்கு அடியில். கோடையில் அப்போது படகு ஓடும், குளிர்காலத்திலும் காற்று நாட்களிலும் படகை நம்ப முடியாது. போகும்போது நடந்து, திரும்பும்போது படகு என்று வைத்தால் இரண்டையும் அனுபவிக்கலாம். நடைபாதையின் மேல் தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டால் இறங்கவே கூடாது. கணுக்கால் ஆழம்தானே என்று தோன்றும், நடுவில் போகும்போது முழங்காலுக்கு வந்து இழுக்கும். கல்லில் பாசி வழுக்கும். கோட்டை சனிக்கிழமை வழக்கமாக மூடியிருக்கும். பென்சான்ஸிலிருந்து மரசையனுக்கு விரிகுடா ஓரமாகவே சமதளப் பாதை, மூன்று மைல். கால் வலி இல்லாதவர்கள் பேருந்துக்குக் காத்திருக்காமல் நடந்துவிடலாம்.

கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே கடல் ஓர் எச்சரிக்கை. போர்ட் ஐசக்கிலும் பால்செத்திலும் வற்றிய மணலிலேயே கார் நிறுத்த விடுவார்கள். ஓதம் ஏறும் நேரம் பலகையில் எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் போனவர்களின் கார்கள் கடல்நீரில் மூழ்குவது அங்கே அவ்வப்போது நடக்கிறது.

படகு, குறுக்குவழி

கழிமுகங்கள் சாலையை வெட்டுகின்றன என்றேன். அந்த வெட்டுகளைத் தாண்டுவதற்கே படகுகள் இருக்கின்றன; ஒருநாள் திட்டத்தில் ஒரு படகாவது சேர்த்துக்கொண்டால் நேரமும் மிச்சம், காட்சியும் லாபம். ஃபால்மத்திலிருந்து செயின்ட் மாஸுக்குப் படகில் 20 நிமிடம். ட்ரூரோவைச் சுற்றிக்கொண்டு சாலையில் போனால் ஒரு மணி நேரம் அளவில் ஆகும். ட்ரூரோவில் ரயில் ஏறி ஃபால்மத் டவுன், அங்கிருந்து படகில் செயின்ட் மாஸ், கோட்டை பார்த்துவிட்டுத் திரும்புவது, கார் இல்லாதவருக்குக் கார்ன்வால் தரும் மிக இனிய நாட்களில் ஒன்று.

காரோடு ஃபால் ஆற்றைக் கடக்கக் கிங் ஹாரி படகு. ஆற்றடியில் கிடக்கும் சங்கிலியைப் பிடித்துத் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போகும் படகு அது. 1888 முதல் ஓடுகிறது. 20 நிமிடத்துக்கு ஒன்று. சுற்றுவழியில் 27 மைல் மிச்சம். ஃபாயில் எதிர்க்கரை பாடினிக்குக்குக் கார்ப் படகும், பால்ருவனுக்கு ஆட்கள் படகும் உண்டு. பேட்ஸ்டோவிலிருந்து எதிர்க்கரையில் உள்ள ராக் என்ற ஊருக்குப் போகும் சிறு படகு, தாழ் ஓதத்தில் துறைமுகத்துக்குள் வர முடியாது. கொஞ்சம் தள்ளி, கடற்கரையிலிருந்து கிளம்பும். அறிவிப்புப் பலகையைப் பார்க்காமல் துறைமுகப் படியில் நின்றுகொண்டே இருக்காதீர்கள். சிறு படகுகளுக்கு 10, 15 பவுண்டு சில்லறையாக வைத்திருங்கள்.

கார் ஓட்டுவதானால்

இந்திய, இலங்கை உரிமத்தோடு வருகிற பயணிகள் 12 மாதம் வரை ஓட்டலாம். வாடகை நிறுவனங்கள் தங்களுக்கென்று வயது, அனுபவ நிபந்தனை வைத்திருக்கும். பதிவு செய்யும் முன் படியுங்கள். தானியங்கி கியர் வேண்டுமானால் குறிப்பாகக் கேட்டு வாங்க வேண்டும். எவ்வளவு சின்ன கார் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. ஏழு இருக்கை வண்டியில் கார்ன்வால் சந்துச் சாலைக்குள் போனால் முழுப் பயணமும் வியர்வைதான். காப்பீட்டில் டயர், சக்கரம், பக்கக் கண்ணாடிக்குச் சேதம் சேருமா என்றும் கேளுங்கள். இங்கே அடிபடுவது அவைதான்.

காரணம் வேலி. சாலையோரத்தில் புல்லும் பூவும் செடியும் மூடிய மண்மேடுபோல் தெரியும். உள்ளே இருப்பது கல். கார்ன்வால் வேலி என்பது இருபுறமும் கல் அடுக்கி நடுவில் மண் நிரப்பிய சுவர். பசுமையாகத்தானே இருக்கிறது என்று உரசினால் கதவு கிழியும்.

பல சாலைகளில் ஒரு கார் மட்டுமே போகும் அகலம். ஆங்காங்கே ஒதுங்கிடம் உண்டு. எதிரே வண்டி வந்தால்:

1. வேகத்தைக் குறையுங்கள்; கடைசியாகத் தாண்டிய ஒதுங்கிடம் எங்கே என்று ஓட்டும்போதே மனதில் குறித்துக்கொண்டிருங்கள்.
2. ஒதுங்கிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் போய் நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேராக இடப்பக்கத்திலேயே நில்லுங்கள். எதிரே வருபவர் அதற்குள் புகுந்து உங்களைத் தாண்டுவார். வலப்பக்கம் பாய்வதுதான் புதியவர்கள் செய்யும் பிழை.
3. இரண்டு பேருக்கும் இடமில்லை என்றால் ஒதுங்கிடத்துக்கு அருகில் இருப்பவர் ரிவர்ஸ் எடுப்பது வழக்கம். ஏற்றத்தில் ஏறி வருகிறவருக்கு முடிந்தவரை வழிவிடுங்கள்.
4. தாண்டியதும் கையை உயர்த்தி நன்றி காட்டுங்கள். இங்கே அது மரியாதையின் ஒரு பகுதி.

வெள்ளை வட்டத்தில் கறுப்புக் குறுக்குக்கோடு போட்ட பலகை, நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் காருக்கு மணிக்கு 60 மைல் உச்சவரம்பைக் குறிக்கும். சந்துச் சாலைகளிலும் அந்தப் பலகை இருக்கும்; 60இல் போகலாம் என்று பொருள் அல்ல. வளைவுக்கு அப்பால் டிராக்டரோ குதிரையோ இருக்கிறது என்றே எண்ணி 20, 25இல் போங்கள். ஊர்களுக்குள் பல இடங்களில் 20 மைல்தான் எல்லை. ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழிவிட்ட பிறகே நுழைய வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்தில் மூக்கை நுழைத்தால் இடி வாங்குவீர்கள்.

வழிகாட்டும் செயலி மிகக் குறுகிய தூரத்தைத் தேடிச் சந்துக்குள் தள்ளிவிடும். ஏ எண் சாலையிலேயே முடிந்தவரை போய், பி எண்ணில் இறங்கி, எண்ணில்லாத சாலைக்குக் கடைசியில் மட்டும் திரும்புங்கள். கிராமப்புறத்தில் ஓர் அஞ்சல் குறியீடு பல பண்ணைகளை உள்ளடக்கும் என்பதால், அதை மட்டும் போட்டால் வயல்நடுவே நிற்பீர்கள். தங்குமிடத்தாரிடம் வரைபடப் புள்ளியைக் கேட்டு வாங்குங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும்; வரைபடத்தை முன்பே இறக்கிவையுங்கள்.

துறைமுகக் கிராமங்களுக்குள் காரோடு இறங்காதீர்கள். பால்பெரோவில் ஊருக்கு மேலே கிரம்பிள்ஹார்னிலும், போர்ட் ஐசக்கில் மேட்டிலும் பெரிய நிறுத்துமிடங்கள் இருக்கின்றன. அங்கே விட்டுவிட்டு நடந்து இறங்குவதுதான் முறை. ட்ரூரோவுக்கு லாங்கார்த், டிரிகரா என்று இரு பக்கமும் காரை விட்டுப் பேருந்தில் போகும் ஏற்பாடு உண்டு. ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் சனிக்கிழமை விடுமுறை வீடுகள் கைமாறும் நாள். ஏ30 முழுவதும் நெரிசல். அன்று ஊர் மாறாதீர்கள். டேமர் சாலைப் பாலத்தில் கார்ன்வாலை விட்டு வெளியேறும்போது மட்டும் சுங்கம் வாங்குவார்கள்.

ஊர்ப்பெயர்

எழுத்துக்கூட்டிப் படித்தபடி பெயரைச் சொன்னால் ஓட்டுநருக்குப் புரியாது. எழுத்தில் ஃபோவே போல் இருப்பது ஃபாய். எலி வளை என்று பொருள்படும்படி எழுதியிருப்பது மவுஸல். லான்செஸ்டன் என்று படிக்கத் தோன்றுவது உள்ளூர் வாயில் லான்ஸன். நியூக்வே என்று படிக்காதீர்கள், நியூகீ. செயின்ட் ஜஸ்ட் என்று இரண்டு ஊர்கள்: ஒன்று பென்சான்ஸுக்கு மேற்கே, மற்றது செயின்ட் மாஸ் பக்கம். எது என்று பார்த்து டிக்கெட் கேளுங்கள்.

பல பெயர்களின் முதல் பகுதி கார்ன்வாலின் பழைய மொழியான கார்னிஷ். போர்த் என்றால் துறை. நம் ஊர்ப்பெயர்களில் வரும் துறைபோலவேதான். அப்படித் தொடங்கும் ஊருக்குப் போனால் கடலுக்கு இறங்க வேண்டும், திரும்பும்போது ஏற வேண்டும். பென் என்றால் முனை அல்லது தலை, ட்ரே என்றால் குடியிருப்பு, பால் என்றால் குளம் அல்லது ஓடை.

சாப்பாட்டுக்கு வழியெல்லாம் பேஸ்டி கிடைக்கும், மாவுக்குள் பூரணம் வைத்து மடித்துச் சுட்ட பண்டம். மரபான பேஸ்டியில் மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, டர்னிப் இனத்து ஸ்வீடு கிழங்கு, வெங்காயம். இறைச்சி சாப்பிடாதவர்கள் சீஸ்–வெங்காயப் பேஸ்டி கேளுங்கள். செயின்ட் ஐவ்ஸ் துறைமுகத்தில் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் கடற்புறா பறித்துக்கொண்டு போகும். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று சாப்பிடுங்கள்.

கரைப்பாதையில் நடை

630 மைல் நீளமான தென்மேற்குக் கரைப்பாதை கார்ன்வால் கரை முழுவதையும் சுற்றிவருகிறது. ஓக் மரத்துக் கொட்டைச் சின்னம் பார்த்து நடக்க வேண்டும். தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒவ்வொரு ஓடைக்கும் கடல்மட்டம் வரை இறங்கி மறுபடி ஏறும் பாதை இது. செனரிலிருந்து செயின்ட் ஐவ்ஸ் வரை ஆறு மைல் சொச்சம்தான்; பாறையும் சேறும் உள்ள அந்தப் பகுதிக்கு நல்ல நடையாளருக்கே நான்கு மணி நேரம் ஆகும். காலையில் பேருந்தில் செனர் போய், அங்கிருந்து செயின்ட் ஐவ்ஸை நோக்கி நடங்கள். மறுதிசையில் நடந்தால் மாலையில் செனரில் ஒற்றைப் பேருந்துக்காக மணி பார்த்துக்கொண்டே பாறை தாண்ட வேண்டியிருக்கும். இந்தப் பக்கம் வந்தால், எப்போது சேர்ந்தாலும் செயின்ட் ஐவ்ஸில் ரயில் காத்திருக்கும்.

பிடிப்புள்ள காலணி, காற்றுக்கும் மழைக்கும் ஒரு மேலுடை, ஒரு லிட்டர் தண்ணீர், முழுதாகச் சார்ஜ் ஏற்றிய கைப்பேசி. குடை உதவாது, மழை பக்கவாட்டில் அடிக்கும். மழைக்குப் பின் பாறை விளிம்பில் நிற்காதீர்கள், அடியிலும் உட்காராதீர்கள். கடலில் குளிப்பதானால் சிவப்பும் மஞ்சளும் கலந்த இரண்டு கொடிகளுக்கு இடையே மட்டும். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே வேண்டாம். யாரேனும் தண்ணீரிலோ பாறையிலோ சிக்கியிருக்கக் கண்டால் தாங்களாக இறங்காமல் 999ஐ அழைத்து, போலீஸ் என்றோ ஆம்புலன்ஸ் என்றோ சொல்லாமல், கோஸ்ட்கார்டு, அதாவது கடலோர மீட்புப் படை, வேண்டும் என்று கேளுங்கள்.